அரைச் சுற்று ராஜாங்கம்

நட்டை முழுதாக முடுக்கி, இனி ஸ்பேனர் நகராது என்று ஆனதும், ராஜாங்கம் அண்ணன் அதை அரைச் சுற்று திரும்பத் தளர்த்திவிடுவார். தளர்த்திய பிறகு நட்டின் தலையில் கட்டைவிரலால் ஒரு தட்டு. "மீதிய உப்பு பாத்துக்கும்" என்பார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். எங்கள் தெருவில் அவர் கைபட்ட எதுவும் முழு இறுக்கத்தில் பூட்டப்பட்டதில்லை. என் தையல் மெஷின் சக்கரம், எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார், கோயில் மைக்செட் கம்பம் எல்லாமே முதலில் லேசாக ஆடிக்கொண்டிருந்து, பிறகு துருவேறித் தாமாக இறுகிக்கொண்டவை.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மரக்காணத்து உப்பளங்களில் பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை. தை மாதம் பூட்டுகிற எஞ்சினை மழைக்கு முன்னால் கழற்றி எடுத்துவிட வேண்டும். அந்தக் காற்றில் இரும்பு நட்டு ஒரு வாரத்தில் துருப்பிடித்து போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். முழுதாக முடுக்கியிருந்தால் உளி வைத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அரைச் சுற்று விட்டுவைத்தால், மிச்சத்தைத் துரு பிடித்துக்கொள்ளும். கழற்றுகிற அன்று கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் வழிக்கு வந்துவிடும். இங்கே பம்ப்செட் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் அது வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவை மூடினாலும் அரைச் சுற்று விட்டுத்தான் மூடுவார். "எங்க ஊட்டு சர்க்கரைல பாதி எறும்புக்கு" என்று அவர் மனைவி அம்சவல்லி அக்கா சொல்வார்.

அண்ணன் நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசலில் குனிந்து வருவதற்குப் பதில் பக்கவாட்டில் சாய்ந்து வருவார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் பிரேக் போடும். திண்டிவனம் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பார். எதிரே லாரி வந்தால் போதும், கால் தானாக நீண்டு முன்சீட்டின் அடிக்கம்பியை அழுத்தும். அந்தச் சீட்டில் இருப்பவர் திரும்பி முறைப்பார். அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

"டிரைவருக்கு ஒரு சம்பளம், இவருக்கு ஒரு சம்பளம்னு போட்டுக் குடுக்கணும்" என்பார் அக்கா.

இப்படிப்பட்டவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ரோட்டிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிற தாழ்வான கார்கள் உப்பளத்தை ஒட்டித்தான் பறக்கும். அண்ணன் கையில் எஞ்சின் பெல்ட்டோடு கரையில் நின்று பார்த்திருக்கிறார். "வயித்த தரையில தேச்சிகினு போவுது பாரு. உள்ள இருக்கறதும் எஞ்சினுதான, நம்ம கிட்ட இருக்கறதும் எஞ்சினுதான" என்றார். கிளியனூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய மாருதி ஒன்று கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்து வந்தார். எஞ்சின், கியர், பிரேக்கெல்லாம் அதிலிருந்து. இரும்புக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார். மேல்கூடு ஃபைபர். அதை அனுமந்தையில் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர் செய்துகொடுத்தார். அவருக்குத் தெரிந்தது படகு. ஆகவே காரின் மூக்கு அலையில் ஏறப்போவதுபோல் மேலே தூக்கிக்கொண்டது. நிறமும் படகு நீலம். கூரை கிடையாது. தெருவில் அதற்குப் பெயர் "போட்டு".

சீட்டு நான் தைத்தது. கறுப்பு ரெக்சின், சிவப்பு நூல். அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து தைத்ததால், அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பாலானதை நான் நேரில் பார்த்தேன்.

கார் முடிந்த அன்று அண்ணன் குளித்து, விபூதி பூசி, உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அளந்தவர் தன்னை அளக்க மறந்துவிட்டார். இரண்டு முழங்கால்களும் ஸ்டீயரிங்குக்கு அடியில் சிக்கிக்கொண்டன. அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம்.

"உங்களுக்கு ஒரு மாசம் பட்டினி போட்டாலும் கால் நீளம் கொறையாது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது கார். ஒரே குறை, பெடல் எட்டவில்லை.

அம்சவல்லி அக்கா என் தோளுக்கு வருவார். சின்ன வயதில் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கல்லாக்க வேண்டும், அந்த வேலை. அதனால் பாதம் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் அகலம். பிறகு மகளிர் குழுவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது போய் லைசென்ஸ் எடுத்தார். இப்போது குழுவின் லோடு வண்டியை ஓட்டுகிறார், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையோடு.

"அந்தத் தலாணியே எடுத்தாரேன்" என்றார்.

அண்ணனுக்கு அது தாங்கவில்லை. "தலாணி வச்சி ஓட்டற ஸ்போர்ட்ஸ் காரு எங்கனா இருக்குதா? மானம் போவும். ஆள் பெடல்கிட்ட போவக் கூடாது. பெடலு ஆள்கிட்ட வரணும்."

அப்படித்தான் பெடல் வேலை ஆரம்பமானது. பழைய பெடல்களின் மேல் அலுமினியக் கட்டை வைத்து உயர்த்தி, அதன்மேல் புதிதாக மிதிதகடு வைப்பது என்று முடிவு. அக்காவை ஈரப் பாத்தியில் ஓர் அடி எடுத்துவைக்கச் சொல்லி, அந்தத் தடத்தை அளந்துகொண்டார். அகலத்தைப் பார்த்து, "இது காலா, தொடுப்பா?" என்று படகின் துடுப்பை நினைத்துக் கேட்டு, அன்று மத்தியானம் சோறு தானே போட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, நீ பாட்டுக்குத் தை" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினுக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டார். ஊசியைப் பார்ப்பதா, காலுக்கருகே இருக்கிற தலையைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஒரு பாவாடை முழுவதும் கோணலாகத் தைத்தேன். எழுந்தபோது, மெஷின் பெடலில் ஓட்டை ஓட்டையாக இருப்பதால்தான் கால் வழுக்குவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார். தன் தகட்டிலும் ஓட்டைகள் போட்டார்.

பூட்டுவதற்காகப் பாண்டிச்சேரி போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் நட்டும் வாங்கி வந்தார். காருக்குள் பளபளவென்று இருக்க வேண்டுமாம். "பத்து வருசம் கடல்ல போட்டாலும் துரு புடிக்காதாம். கண்ணாடி மாதிரி இருக்குது பாரு" என்று எனக்கும் காட்டினார். பிரேக் பெடலுக்கு இரண்டு போல்ட்டு. முடுக்கினார். அரைச் சுற்று தளர்த்தினார். தட்டினார். "மீதிய உப்பு பாத்துக்கும்." ஒரு வாரம் காரைத் தொடாமல் கொட்டகையில் விட்டுவைத்தார், உப்பு தன் வேலையைச் செய்யட்டும் என்று.

கார் ரோட்டுக்குப் போக முடியாது, நம்பர் கிடையாது. ஓட்டிப் பார்க்க உப்பளத்து முதலாளியிடம் கேட்டு, கரைப்பாதைக்கு அனுமதி வாங்கியிருந்தார். லாரி போகிற அகலம். இடது கைப் பக்கம் பாத்திகள். வலது கைப் பக்கம் பக்கிங்காம் கால்வாய். அந்த இடத்தில் கால்வாய் ஆழம்.

காலையில் உப்பு வாருகிறவர்கள் எல்லாம் வாருபலகையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அக்கா வெறுங்காலோடு ஓட்டினார். அண்ணன் பக்கத்துச் சீட்டில். கார் நன்றாகத்தான் போயிற்று. இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்த்தார்கள், நின்றது. மூன்றாவது, பாதை திரும்புகிற இடம். அக்கா பாத்தி மிதிக்கிற மாதிரி ஒரு மிதி மிதித்தார். ஒரு நட்டு கழன்று விழுந்தது. மிச்சமிருந்த ஒற்றைப் போல்ட்டில் கட்டை கடிகார முள் மாதிரி திரும்பிக்கொண்டது. கால் வழுக்கித் தரையில் போய் இடித்தது. கார் நிற்கவில்லை. நேரே கால்வாய். அக்கா ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பாத்திக்குள் இறக்கிவிட்டார்.

முழங்கால் அளவு உப்புத்தண்ணீர். எஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டு அணைந்தது. "போட்டு தண்ணில எறங்கிடுச்சுடோய்" என்று யாரோ கத்த, கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அக்கா இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையேறி வந்தார்.

"நடுவுல ஹேண்ட் பிரேக்கு இருக்குது. கைய நீட்டினா எட்டும். அத்த விட்டுட்டு இந்த மனுசன் வெறுந்தரைய மிதிக்கறாரு. நான் ஸ்டீரிங்கோட மல்லு கட்டறேன், இவரு தரைய மிதிச்சிகினே இருக்கறாரு."

கரை இன்னும் சிரித்தது. அண்ணன் தண்ணீரில் நின்றபடி அசடு வழிந்தார். பொன்னி என்கிற பெண் பிளாஸ்கிலிருந்து அக்காவுக்கு டீ ஊற்றிக்கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா அதை வாயருகே கொண்டுபோகவே இல்லை. அவர் பார்வை பாத்திப் பக்கம் இல்லை, கால்வாய்ப் பக்கம் இருந்தது. நான் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டில் அக்கா கெடு வைத்தார். "பெடல் ஏன் கழண்டுச்சுன்னு எனக்குத் தெரியணும். சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். தெரியலன்னா பாய் தராசுல ஏத்திடுவேன்."

பாய் என்றால் கூனிமேடு ஜபருல்லா பாய். பழைய இரும்பு எடுக்கிறவர். சனிக்கிழமைதோறும் டி.வி.எஸ்.ஸில் தராசைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். கார் ஆரம்பித்த நாளிலிருந்து கொட்டகைக்குள் எட்டிப்பார்த்து, மாம்பழத்தை விசாரிக்கிற மாதிரி, "இன்னா ராஜாங்கம், பழுத்துச்சா?" என்று கேட்பார். அண்ணன் "இன்னும் காய்தான் பாய்" என்பார். அந்தக் கேள்விக்கு இந்தச் சனிக்கிழமை அக்கா பதில் சொல்வதாக ஏற்பாடு.

காரைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, எஞ்சினைக் காயவைத்துவிட்டு, அண்ணன் காரணம் தேடினார். முதலில் பாண்டிச்சேரி போல்ட்டைச் சந்தேகப்பட்டார். அப்புறம் அக்காவின் மிதியை. "இவ மிதிச்சா பாறையே எறங்கும்." அப்புறம் என் சீட்டை. ரெக்சின் வழவழப்பில் ஆள் முன்னால் சறுக்கியிருக்கும் என்றார். நான் நல்ல தண்ணீரால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கிறபோது பெடலுக்கு அடியில் மிதியடி விரிப்பின் மடிப்பில் அந்த நட்டு கிடைத்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. திரும்பி வந்து, பெடலில் மிச்சமிருந்த நட்டை விரலால் தொட்டார். ஸ்பேனர் இல்லாமலே சுற்றியது.

பிறகு, "அம்சா" என்று கூப்பிட்டார். "துரு புடிக்காத நட்டு இது. இத்த உப்பு எப்டி முடுக்கும்? அது கைய விட்டுடுச்சு."

அக்கா வாசற்படியில் நின்று கேட்டார். "அப்ப உப்ப நம்பித்தான் என்ன உக்கார வச்சிங்களா?"

அண்ணன் நட்டைத் தரையில் வைத்தார்.

மறுநாள் காலையில் கட்டை, தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை கட்டை பழைய பெடலை மேலிருந்தும் கீழிருந்தும் கவ்விக்கொள்கிற மாதிரி செய்தார். ஒரு போல்ட்டு போனாலும் திரும்ப முடியாது. பெடல் தண்டில் வெல்டிங் வைக்கலாமே என்று வழியில் போன ஒருவர் யோசனை சொன்னார். "சூடு காட்டினா தண்டு ஒடஞ்சிடும். ஒடஞ்சா அது சொல்லிட்டு ஒடயாது" என்று அனுப்பிவிட்டார். போல்ட்டு, ஸ்பிரிங் வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. அதற்கு மேலும் நம்பிக்கை வராமல் போல்ட்டின் நுனியில் துளை போட்டு, கம்பிப் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் பக்கத்துக்கு ஒன்றாக மடக்கினார். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினார், அக்காவின் பாதம் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடாதபடி. பெடலுக்கு அடியில் சுருளக்கூடிய விரிப்பை எடுத்துவிட்டார்.

முடுக்குகிறபோது அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முதல் நட்டை முடுக்கினார். முடுக்கி முடித்ததும் கை தன்பாட்டுக்குத் திரும்பியது.

"கை" என்றார் அக்கா.

அண்ணன் திடுக்கிட்டு மறுபடி முடுக்கினார். அடுத்த நட்டு. ஸ்பேனர் நின்றது. மணிக்கட்டு லேசாகப் பின்னால் போயிற்று.

"கை."

"நான் ஒண்ணும் பண்ணல அம்சா. அதுவா போவுது."

"அதுவா போனா ஸ்பேனர இங்க குடுங்க."

மூன்றாவது நட்டுக்கு ஸ்பேனரின் பிடியில் இரண்டு பேர் கையும் இருந்தது. முடுக்கி முடிந்ததும் அண்ணன் கட்டைவிரலால் தட்டப்போய், தட்டாமல் விரலை மடக்கிக்கொண்டார். அக்கா உள்ளே போய்த் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்து கொடுத்தார். ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தார் அண்ணன். நட்டு கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு தினமும் காலையில் டார்ச்சோடு காருக்குள் தலையைவிட்டுக் கோட்டைப் பார்க்கிறார். தெருவுக்குத் தெரிவது நீளமான இரண்டு கால்கள் மட்டும். பால்காரர் அந்தக் கால்களிடமே எத்தனை லிட்டர் என்று கேட்டுக்கொள்கிறார்.

கோடு இழுத்து முடித்த அன்றே எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு, "இப்ப மிதி" என்றார். அக்கா உட்கார்ந்து மிதித்தார். பிறகு கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு காலாலும் பிரேக் பெடலின் மேலேயே ஏறி நின்றார். பாத்தி மிதித்த மிதி, ஒன்று, இரண்டு, எண்ணாமல் போய்க்கொண்டே இருந்தது. கொட்டகை அதிர்ந்தது. அண்ணன் கீழே படுத்துச் சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நகரவில்லை.

"சரி" என்று இறங்கினார் அக்கா.

சனிக்கிழமை ஜபருல்லா பாய் தராசோடு கரைக்கே வந்துவிட்டார். உப்பு வாருகிறவர்களும் வந்தார்கள். போன தடவை சிரித்தது போதாது என்கிற முகங்கள்.

"இன்ஷா அல்லா, இன்னைக்குப் பழுத்துடும்" என்றார் பாய்.

"தராச எறக்காதீங்க பாய், திரும்ப கட்டறது கஷ்டம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கால்வாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அக்கா எஞ்சினை உயிர்ப்பித்தார். அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கத்துத் தரையில் போன தடவை அவருடைய குதிகால் தேய்த்த தடம் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். உள்ளே உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கி மடித்தார். வலது காலைத் தூக்கி மடித்தார். சீட்டின்மேல் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். முழங்கால்கள் இரண்டும் கதவுக்கு மேலே தெரிந்தன.

அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னாங்க இது, எல போடணுமா?"

"நீ ஓட்டு" என்றார் அண்ணன். அதற்குள் நழுவி இறங்கப் பார்த்த வலது காலைக் கையால் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

கார் போனது. கால்வாயை ஒட்டி, போன தடவை போன அதே பாதை. திருப்பத்துக்கு வந்ததும் பின்விளக்கு சிவந்தது. பக்கவாட்டில் திரும்பிய நிலையில் கார் நின்றது. கதவுக்கு மேலே அந்த இரண்டு முழங்கால்களும் அப்படியே இருந்தன.